மாமாவின் இடது காது

என் அம்மாவின் தம்பி பிரான்சில் பல வருடங்கள் ரக்பி விளையாடிச் சம்பளம் வாங்கியவர். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. நம்பாவிட்டால் அவருடைய இடது காதைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கத்து ஆட்களும் குனிந்து, தலைகளைக் கோத்துக்கொண்டு, பந்துக்காக ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். மாமாவுக்கு முன்வரிசையில் இடம். உரசி உரசி வீங்கி, கடைசியில் அந்தக் காது பிடிக்கத் தெரியாதவர் பிடித்த கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். மாமா இலங்கையிலிருந்து வந்து, ஜெர்மனியில் ஹனோவரில் எங்களோடு இருந்தார். பேக்கரியில் வேலை, மாலையில் பயிற்சி. பிரான்சில் ஒரு கழகம் அவரைச் சம்பளத்துக்கு விளையாட வரச்சொல்லிக் கேட்டிருந்தது. அதே நேரத்தில் டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. பேக்கரியில் நிரந்தர வேலை என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்த அம்மா, ரக்பியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"முதல்ல தாலி ஏறட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லலாம்" என்றார் அம்மா.

"தாலி ஏறினவுடன காது நேராகிடுமோ அக்கா?" என்றார் மாமா.

பெண்ணின் அண்ணனும் அண்ணியும் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, மாமாவின் இடது பக்கம் சுவரோரம் வரும்படி அம்மாவும் அப்பாவும் காலையிலேயே சோபாவை இழுத்துத் திருப்பினார்கள். அப்படியும் காது தெரிந்தது. ஆகவே சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் என்னை நிறுத்தினார்கள். வாயே திறக்காத பிள்ளை என்பதால் அந்தப் பதவிக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

அண்ணிக்காரி சொக்லேட்டை நீட்டி, "இஞ்ச வாங்கோ செல்லம்" என்று கூப்பிட்டார். நான் அசையவில்லை. "மாமாவோட நல்ல ஒட்டு போல" என்று அவர் மெச்சிக்கொண்டார். அம்மா வடைத்தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பேக்கரி வேலை நிரந்தரம்தானே தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் அண்ணன்.

"ஓம் ஓம்" என்று அம்மா முந்திக்கொண்டார்.

மாமா எழுந்தார். என் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கி, ஒரு நாற்காலியை நகர்த்துவது போல மறுபக்கம் வைத்தார். பிறகு தலையைத் திருப்பிக் காட்டினார்.

"இதையும் பார்த்திட்டுக் கேளுங்கோ அண்ணை."

அந்த மனிதர் கையிலிருந்த தேநீரை மெதுவாக மேசையில் வைத்தார். அவருடைய குரலே மாறிவிட்டது.

"ஆமி அடிச்சதோ தம்பி?"

ஊரில் இராணுவத்திடம் அடிவாங்கி வந்தவர்களுக்கு எங்கள் ஆட்களிடம் தனி மரியாதை. அம்மா மாமாவைப் பார்த்த பார்வையை நான் அதற்குமுன் கண்டதில்லை. மாமா ஓம் என்று தலையை ஆட்டினாலே போதும், அந்தக் கலியாணம் அங்கேயே நிச்சயமாகியிருக்கும்.

"இல்லை அண்ணை. இது இஞ்ச வாங்கினது. நானா விரும்பி வாங்கினது" என்றார் மாமா. ரக்பி பற்றியும் பிரான்ஸ் பற்றியும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப, அடிவாங்கிறதுக்கோ சம்பளம்?"

"ஊரில சும்மா வாங்கினம். இஞ்ச திருப்பித் தள்ளலாம்."

"கால் முறிஞ்சால் என்ர தங்கச்சி என்ன செய்யிறது? கையில ஒரு தொழிற்படிப்பு, ஆவுஸ்பில்டுங், ஏதாவது இருக்கோ?"

"இல்லை. இதுதான் என்ர தொழில்."

அவர்கள் மரியாதையாகவே விடைபெற்றுக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் அம்மா தொடங்கினார்.

"ஒரு ஓம் சொன்னால் உன்ர வாய் தேஞ்சிடுமோ? அந்த மனுசனே எடுத்துத் தந்துது. நீ வாங்கேல்லை."

"ஆமி எனக்கு எவ்வளவோ தந்தது அக்கா. இந்தக் காதை அவங்கள் தரேல்லை. இதை நான் அவங்கட கணக்கில எழுதமாட்டன்."

 அம்மா வடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாத்திரத்தில் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா ஏதோ ஒரு ஆட்டத்தில் வென்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பிரான்சுக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் போனார். அங்கிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தார். கதவு மூடாதபடி நான் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"உம்மட அண்ணையில பிழையில்லை" என்றார். கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை. நான் மாத்திச் சொல்ல ஏலாது." பிறகு இன்னொரு நாணயம் போட்டார். "ஓம்" என்றார். "எனக்கும்தான்."

பயிற்சியாளரோடு பேசுகிறார் என்று நினைத்தேன். ஜெர்மன்காரரோடு எதற்காகத் தமிழில் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினார். தன்னுடையதை அவர் தொடவில்லை. "இதையும் நீயே சாப்பிடு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு பங்கும் எனக்கே கிடைத்த சந்தோஷத்தில், இப்படி வாராவாரம் யாராவது மாமாவைப் பார்க்க வந்து, வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.