வெள்ளைக் கோழிக்கு மஞ்சள் நீராட்டு

கலிஃபோர்னியாவில், குபெர்டினோ அபார்ட்மென்ட்டில் இருந்தவரை ஒரு துளசிச் செடியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாதவள் நான். டெக்சாஸில், அக்கம்பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத இந்த நிலத்துக்குக் குடிவந்த வாரமே, இனி கடையிலிருந்து எதுவும் வாங்கப்போவதில்லை, எல்லாம் என் கையாலேயே என்று அறிவித்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவர் அப்போது மீட்டிங்கில் இருந்தார். தலையை ஆட்டினார். அது எனக்கா, மீட்டிங்குக்கா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் கூடை பின்னினேன். முட்டையை வைத்தால் அடிவழியாக விழுந்தது. அடுத்து சோப்பு. தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து, வெட்டிவேர்ப் பொடி தூவி, வில்லை வில்லையாக அறுத்துக் காயவைத்தேன். கணவர் அதில் குளித்துவிட்டு வந்து, "அழுக்கு நல்லா போகுது. கூடவே தோலும் போகுது" என்றார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மகளுக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஜாதி. என்னுடைய கைத்தொழில்களில் அவளுக்கு ஆர்வம் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கோழி. குஞ்சாக வந்ததிலிருந்து அவளே வளர்த்தது. இங்கே வருடா வருடம் நடக்கும் கவுன்ட்டி கண்காட்சியில், நம்மூர் மாவட்டப் பொருட்காட்சி மாதிரி, பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஆடு, கோழியைக் கொண்டுபோய் நடுவரிடம் காட்டுவார்கள். வெள்ளைக் கோழி என்றால் இறகில் ஒரு கறை இருக்கக் கூடாது. இவள் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அதைக் கையில் ஏந்தி, இறக்கையை விரித்துக் காட்டி, இல்லாத நடுவருக்குப் பதில் சொல்லிப் பழகினாள். அவள் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார்கள், கடையில் ஒன்று வாங்கித் தர முடியுமா என்றாள்.

"கடையிலயா? அப்புறம் அம்மா எதுக்குடி இருக்கேன்?" என்றேன்.

பீரோவில் கணவரின் புதுப் பருத்தி வேட்டி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை வெட்டிச் சட்டை தைத்தேன். வேட்டி வெள்ளை. அதோடு நிறுத்தியிருந்தால் பிள்ளை கேட்டதும் கிடைத்திருக்கும், நான் சொன்னதும் நடந்திருக்கும். ஆனால் வெள்ளையில் என் கைவண்ணம் எங்கே தெரியும்? படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள்தூளில் கொதிக்கவைத்து எடுத்தேன். தகதகவென்று வந்தது. மகள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இட்ஸ் வெரி யெல்லோ, அம்மா" என்றாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கோழியைக் குளிப்பாட்ட வேண்டும். மகள் பழைய டீஷர்ட்டில் வந்து நின்றாள். நான் விடவில்லை.

"அந்தப் புது சட்டைய போட்டுக்கோ. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

குபெர்டினோ தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அந்தப் படம் போயே ஆக வேண்டியிருந்தது. என் கையால் சாயம் போட்ட சட்டை, என் கையால் செய்த சோப்பு, என் கோழி, என் பிள்ளை. இந்த வரிசையில்தான் அன்று யோசித்தேன்.

மகள் வெதுவெதுப்பான தண்ணீரில் கோழியை இறக்கி, என் சோப்பைப் போட்டு நுரைத்தாள். கோழி சிலிர்த்துக்கொண்டு ஒரு உதறு உதறியது. நுரை தெறித்த இடமெல்லாம் சட்டை சிவந்தது. முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு திட்டுத் திட்டாக, கோழியை அணைத்துப் பிடித்ததும் மார்பு முழுக்க. ஜன்னல் வழியாகப் பார்த்த கணவர் ரத்தம் என்று நினைத்து ஹெட்போனோடு ஓடிவந்தார்.

எனக்கு அந்த நிறத்தை நன்றாகத் தெரியும். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் ஆரத்தி கரைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றுகூட, சுண்ணாம்பு கிடைக்காமல் மஞ்சளில் சமையல் சோடாவைப் போட்டு நானேதான் கரைத்தேன். நல்லாவே சிவந்தது. சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று அத்தனை வருடமாகத் தெரிந்தவள், சோடா போட்டுச் செய்த சோப்பையும் மஞ்சளில் முக்கிய சட்டையையும் பிள்ளையின் உடம்பில் சேர்த்துவைத்துவிட்டு, கேமராவோடு நின்றேன்.

ஓடிப்போய் வினிகரை எடுத்துவந்து சட்டையில் ஊற்றினேன். சிவப்பு மறைந்து பாதி மஞ்சள் திரும்பியது, ஊறுகாய் வாசனையோடு. அதற்குள் சட்டையின் சாயம் இறங்கி, கோழியின் ஒரு பக்க இறக்கை முழுக்க மஞ்சளாகியிருந்தது. அலசினோம், தேய்த்தோம், மறுபடி அலசினோம். போகவில்லை.

"கோழிக்கு மஞ்சள் நீராட்டே நடத்திட்டியே" என்றார் கணவர். நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. ஈரக்கோழியைத் துண்டில் சுற்றி, அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் அவள் அதே சட்டையில் கிளம்பி வந்தாள். அவளைப் பார்க்காமல் போய்க் காரில் ஏறிக்கொண்டேன். கண்காட்சிக் கூடாரத்தில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, நடுவில் இவள் மட்டும் மஞ்சளும் செம்பழுப்புமாக நின்றாள். நடுவர் தொப்பி வைத்த பெரியவர். இறக்கையை விரித்துப் பார்த்து, இது எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"மை மாம் மேக்ஸ் எவ்ரிதிங்."

"எவ்ரிதிங்?"

"யெஸ் சார். வீ ஆர் ட்ரையிங் டு ஸ்டாப் ஹெர்."

கூடாரமே சிரித்தது. அந்த 'வீ' யார் என்று கணவர் பக்கம் திரும்பினேன். அவர் பக்கத்துக் கூண்டிலிருந்த வாத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசு கிடைக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் ரிப்பன் கிடைத்தது. கோழிப் பெட்டியை ஏற்றக் கார் டிக்கியைத் திறந்தபோது, மூலையில் ஒரு கடைப் பை. உள்ளே விலைச்சீட்டுகூடக் கிழிக்காத வெள்ளைச் சட்டை, அவள் அளவு.

"போன மாசமே வாங்கிட்டேன். காலையிலகூட வேணுமானு கேட்டேன், வேணாம்னுட்டா" என்றார் கணவர், என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்ட சட்டை கையெட்டும் தூரத்தில் இருந்தும், அம்மா மனசு நோகக் கூடாதென்று இதைப் போட்டுக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறாள். வினிகர் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மாக்காகவாடி இதையே போட்டுக்கிட்டே?"

அவள் என் கைக்குள்ளிருந்து நிமிர்ந்து, இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். பிறகு கோழிப் பெட்டியைக் காட்டினாள்.

"நோ, அம்மா. ஷீ வுட் ஹாவ் பீன் தி ஒன்லி யெல்லோ ஒன்."

வந்த கண்ணீரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. கோழிக்காகவே அழுததாக வைத்துக்கொண்டு, முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.