யானை அணியும் டிவி பெட்டியும்

எங்கள் வீட்டில் டிவி வாங்கினால் அதன் அட்டைப்பெட்டிக்கும் ஓர் இடம் உண்டு. உள்ளே இருக்கும் தெர்மோகோல்கூட உடையக் கூடாது. என் கணவர் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்க்காரர். அடுத்து எந்த ஊருக்கு மூட்டை கட்டுவோம் என்று அவருக்கே தெரியாது. முதலில் குடியிருந்த வெஸ்ட் வின்ட்சரில் சேர்த்த பெட்டிகள், டல்லாஸ் பக்கத்தில் இருக்கும் காப்பெல் வழியாக, இப்போது இருக்கும் பிளசன்டன் வந்து கராஜை நிறைத்தன. கார் வெளியே வெயிலில் காய்ந்தது.

நான்காம் வகுப்பில் மகளுக்கு ஒரு ப்ராஜெக்ட். நம் பகுதியில் நீண்ட காலமாக இருக்கும் ஏதாவது ஒன்றின் வரலாறு. அவள் பக்கத்து நகரமான ஓக்லாந்தின் பேஸ்பால் அணியை எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்த விளையாட்டு புரியாது. ஆனால் அணியின் சின்னம் யானை என்பதால் எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை.

அதே வாரம் டல்லாஸ் பக்கம் மறுபடி ஒரு கான்ட்ராக்ட் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக மனசே இல்லை. காப்பெலை விட்டு வந்த புதிதில் மகள் வெகுநாள் பள்ளியில் யாரோடும் பேசவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் பயந்துகொண்டு இருந்தோம்.

சாப்பிடும்போது அவர் ப்ராஜெக்டுக்கு உதவினார்.

"பிலடெல்பியால ஸ்டார்ட் பண்ணாங்க, கண்ணா. போகப் போகக் கூட்டம் வரல. கான்சஸ் சிட்டிக்கு மூவ் பண்ணாங்க. அங்கயும் செட் ஆகல. அப்புறம்தான் ஓக்லாந்து. வந்த கொஞ்ச வருஷத்துல வரிசையா சாம்பியன்! பாத்தியா, மூவ் பண்றது தப்பே இல்ல."

அணி கிளம்பும் முன் அந்த ஊர்க் குழந்தைகளை யாராவது கேட்டார்களா என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எந்த ஊர்?"

"கான்சஸ் சிட்டி கிட்ஸ்."

அவர் தட்டில் இருந்த ரசம் சாதத்தையே பார்த்தார். "தெரியல. லைப்ரரில பாக்கணும்" என்றார்.

மோர் வேண்டுமா என்று கேட்டு வைத்தேன். டல்லாஸ் விஷயம் அவள் காதில் விழுந்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை, ப்ராஜெக்டுக்குப் பெரிய அட்டை வேண்டும் என்றாள். கடைக்குப் போகலாம் என்று நான் சாவியை எடுத்தேன். அவர் கராஜுக்குப் போய் டிவி பெட்டியைத் தூக்கி வந்து, ஹாலில் போட்டு, கத்தியால் ஒரு பக்கத்தை அறுக்க ஆரம்பித்தார்.

பதறிப்போனேன். "ஐயோ, அப்புறம் டிவிய எதுல பேக் பண்றது?"

"எதுக்கு பேக் பண்ணணும்?" என்று சொல்லிவிட்டு, யானை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று மகளைக் கேட்டார்.