தண்ணீர்ப் பக்கத்து யன்னல்

யன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளும் மனிதர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுபத்து நான்கு வயதில் இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மன்னார் ரயிலில் ஏறினால் அது ஏறத்தான் செய்கிறது. ஒருமுறை ஒரு பெட்டியில் எண்ணிப் பார்த்தேன். தண்ணீர்ப் பக்கத்தில் பதினான்கு யன்னல்கள். பாலம் வந்தபோது ஆறில் அழுக்குக் கண்ணாடியை இறக்கி மூடியிருந்தது. நான்கில் ஆட்கள் கைத்தொலைபேசிக்குள் குனிந்திருந்தார்கள். இரண்டில் வாய் திறந்தபடி நித்திரை. மிச்சம் இருவர்தான் வெளியே பார்த்தார்கள். அதில் ஒருவர் எட்டிப் பார்த்தது வெற்றிலை துப்புவதற்கு.

எங்கள் ஊர் ஒரு தீவு. மன்னார் நிலையத்தை விட்டதும் ரயில் பாலத்தில் கடலைத் தாண்டித்தான் பெருநிலத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்க யன்னலில் தெரு கூடவே வரும். லொறியும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும்தான் காட்சி. மற்றப் பக்கத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. மாரி கழிந்த மாதங்களில் அந்தத் தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்கும். இதெல்லாம் ஐந்து நிமிஷம். கொழும்பு வரைக்கும் நித்திரை கொள்ள எத்தனையோ மணித்தியாலம் கிடக்க, இந்த ஐந்து நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாதா?

விமானத்திலும் இதே கதைதான். மகளைப் பார்க்கச் சென்னைக்கு ஒரு தடவை பறந்தோம். கிளம்பி அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் தீவு முழுவதும் கீழே கிடந்தது. அதன் நுனியிலிருந்து இந்தியாவை நோக்கி மணல் திட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. கண்ணுக்கெட்டிய மட்டும் எங்கள் பக்கத்து யன்னல்களைப் பார்த்தேன். ஒன்பதில் ஏழு மூடியிருந்தது. முன்னால் இருந்தவர் திரும்பி, வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது என்று என்னுடையதையும் மூடச் சொன்னார். மூட மாட்டேன் என்றேன். அவரோடு வாக்குவாதப்பட்டதில் இரண்டு திட்டுகளாவது எண்ணாமல் தவறிப்போயிருக்கும்.

எண்ணுவது எனக்குத் தொழிலில் வந்த பழக்கம். முப்பத்தாறு வருடம் நில அளவையில் இருந்தவன். எங்கள் வேலையில் கருவிக்குள் பார்த்து அளவைச் சொல்பவர் ஒருவர், அதைப் பதிபவர் இன்னொருவர். பார்க்கிறவர் எழுதக் கூடாது. கண்ணை எடுத்தால் அளவு பிழையாகிவிடும். எழுதுகிறவர் நிமிரக் கூடாது, எண் தவறிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு பயணங்களிலும் நான் அப்படியே செய்துவந்தேன். யன்னலோரம் நான். பக்கத்தில் கொப்பியும் பென்சிலுமாக மனைவி. பூநாரை, கொக்கு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கழுதை, எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவள் கோடு போடுவாள். யுத்தம் முடிந்து ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் நாற்பத்தொரு தடவை பாலம் கடந்திருக்கிறோம். நாற்பத்தொன்றும் கொப்பியில் இருக்கிறது.

போன வருடம் அவள் கதவு நிலையில் இடித்துக்கொள்ளத் தொடங்கினாள். ஒரு மாதத்தில் ஐந்து தரம். கவனமில்லை என்று ஐந்து தரமும் ஏசினேன். கண் வைத்தியரிடம் போனபோதுதான் தெரிந்தது, கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டு வருகிறதாம். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். செய்தாலும் இருக்கிற பார்வை அப்படியே நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"போகேக்க பாலத்தை யன்னலுக்குப் பக்கத்தில இருந்து ஒருக்காப் பாக்கவேணும்."

எனக்கு விளங்கவில்லை. நாற்பத்தொரு தடவை பார்த்தீரே என்றேன்.

"நான் எங்க பாத்தனான்? கொப்பியைத்தானே பாத்தனான்."

"ஏன் நீர் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீங்கள். இடையில கதைச்சா எல்லாம் பிழைச்சுப்போகும் எண்டு ஏசினது ஆர்?"

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள் மேல். ஒரு வாய்ச்சொல் சொல்லியிருந்தால் நான் இடம் மாறி இருந்திருப்பேனே. இருந்திருப்பேனா என்று அன்றிரவு யோசித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது.

அடுத்த நாள் நிலையத்துக்குப் போய் முன்பதிவு கேட்டேன். யன்னலோரம் தரலாம், எந்தப் பக்கத்து யன்னல் என்று மட்டும் சொல்ல முடியாது, பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிக் கொழுவுவார்களோ தெரியாது என்றார் அங்கிருந்தவர். எந்தப் பக்கமாக இருந்தால் என்ன ஐயா, எல்லாம் கொழும்புக்குத்தானே போகுது என்று சிரிக்கவும் செய்தார். நான் சிரிக்கவில்லை. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் போவது, ரயில் புறப்படுகிற தலைமன்னாருக்கே நான் முதலில் போய் ஏறி இடம் பிடிப்பது, அவள் மன்னாரில் ஏறுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் பஸ்ஸில் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனேன். ரயில் நின்றது. பெட்டிக்குள் ஆட்கள் மூன்று பேர். ஆனால் தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு யன்னலோரம்கூட மிச்சமில்லை. எல்லா யன்னலோரத்திலும் லேஞ்சி. பேசாலையிலும் தோட்டவெளியிலும் ஏறப்போகிறவர்களுக்காக அவர்களுடைய சொந்தக்காரர் வந்து யன்னலுக்குள்ளால் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் லேஞ்சி கிடந்தால் அதில் ஆள் இருப்பதாகத்தான் கணக்கு. எழுதாத சட்டம், யாரும் மீற மாட்டார்கள். ஒரு இருக்கையில் லேஞ்சிகூட இல்லை, செபமாலை கிடந்தது. அதைத் தொட யாருக்குத் துணிவு வரும்?

மூன்றாம் யன்னலோரத்தில் நீலக் கட்டம் போட்ட லேஞ்சி. அங்கேயே நின்றேன். முப்பத்தாறு வருடச் சேவையில் ஓர் எல்லைக் கல்லை ஒரு அங்குலம் நகர்த்தியவன் இல்லை. அந்த லேஞ்சியை எடுத்து ஒன்றரை அடி தள்ளி நடு இருக்கையில் வைத்தேன். வைத்துவிட்டு யன்னலோரத்தில் உட்கார்ந்தேன்.

பேசாலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இரண்டு பையோடு நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, இது என்ர இடம்."

உங்களுடைய லேஞ்சி நடுவில் கிடக்கிறது என்று காட்டினேன்.

"அண்ணன் போன்ல சொன்னவர், மூண்டாம் யன்னல், தண்ணிப் பக்கம், நீலக் கட்டம் எண்டு. லேஞ்சிக்குக் கால் முளைச்சு நடந்ததோ?"

எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். லேஞ்சியை நகர்த்தியது நான்தான் என்று சொன்னேன். மனைவியின் கண்ணைப் பற்றியும், அவள் மன்னாரில் ஏறுவாள் என்பதையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிழை செய்து பிடிபட்டவன் மாதிரி சொன்னேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாலம் மட்டும்தான். பாலம் தாண்டினதும் எழும்பவேணும். நான் விடிய ரெண்டு மணிக்கு எழும்பிக் கருவாடு கட்டினனான். யன்னல்ல தலையைச் சாய்ச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்."

நித்திரைக்கு யன்னல்! வாய் வரைக்கும் வந்தது. சட்டம் அவள் பக்கம் இருந்ததால் விழுங்கினேன். சரி தங்கச்சி என்றேன்.

மன்னாரில் மனைவி ஏறினாள். அந்தப் பெண்ணே எழுந்து, வாங்கோ அக்கா என்று கையைப் பிடித்து யன்னலோரம் இருத்தினாள். நான் ஓரத்தில் இருந்தேன். ரயில் கடலுக்குள் இறங்கியதும் அந்தப் பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மனைவி இரண்டு கையாலும் யன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். ஓரம் தெரியாததால் தலையை முழுதாக அங்கும் இங்கும் திருப்பினாள். நான் இருந்த இடத்திலிருந்து அவளுடைய கொண்டைதான் தெரிந்தது.

"பூநாரை எத்தனை நிக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயா," என்றாள் பேசாலைப் பெண், "அவவைப் பாக்க விடுங்கோ."

பாலம் முடிந்ததும், ஏறும்போது நான் சொல்லிவைத்தபடி, யாரும் நினைவூட்டாமலே மனைவி எழுந்தாள். பேசாலைப் பெண் யன்னலோரம் நகர்ந்து, கண்ணாடியை இறக்கி, முருங்கன் வருமுன்னே நித்திரையாகிவிட்டாள். வெளியே வயலும் குளமும் போய்க்கொண்டிருந்தன. மனைவி என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள், நெஞ்சளவு தண்ணீரில் ஒரு மனிதன் வலை இழுத்துக்கொண்டு நின்றானாம், சோற்றுப் பார்சலை நனையாமல் தலையில் கட்டியிருந்தானாம், ரயிலைப் பார்த்து நின்றானாம். நாற்பத்தொரு தடவையில் அப்படி ஒரு மனிதனை நான் கண்டதில்லை. ஆளை எண்ண வேண்டும் என்று நினைத்ததுமில்லை.

சத்திரசிகிச்சை முடிந்தது. இனிக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது என்றார்கள்.

திரும்பி வரும்போது முன்பதிவு. தெருப் பக்கம்தான் கிடைத்தது. மனைவியின் ஒரு கண்ணில் கட்டு இருந்தது, மற்றதை வெளிச்சம் கூசுகிறது என்று மூடிக்கொண்டிருந்தாள். பாலம் வந்தது. தண்ணீர்ப் பக்கத்து யன்னலில் இருந்த கனவான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குறட்டை விட்டார். அவரை எழுப்பி நாலு கேள்வி கேட்கலாம் என்று எழுந்தேன். மனைவி என் சேட்டுக் கையைப் பிடித்தாள்.

"சண்டை பிடிக்காதேங்கோ. பாத்து எனக்குச் சொல்லுங்கோ. எண்ணாமல் சொல்லுங்கோ."

நான் அந்த மனிதரின் தலைக்கு மேலால் குனிந்து, அழுக்குக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்.

"தண்ணி கிடக்கு," என்றேன்.

"பிறகு?"

"வெயில் அதில விழுந்து கிடக்கு."

"பிறகு?"

இன்னும் மூன்று நிமிஷப் பாலம் இருந்தது. நான் கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.