விசில் டீச்சரின் மகள் ஓடிய நூறு மீட்டர்

விசில் டீச்சர் இறந்து இருபது நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மகள் கட்டாயம் பேச வேண்டும் என்று தலைமையாசிரியை போனில் சொன்னதுமே மகள் சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். மேடையில் அழுதுவிடுவோமோ என்கிற பயமெல்லாம் இல்லை. அங்கே எதைப் பற்றிப் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நினைத்த மாதிரியே வந்தது. தலைமையாசிரியை மைக்கைப் பிடித்ததும், பெற்ற மகளுக்குக்கூட ஒரு துளி சலுகை காட்டாத ஆள் எங்கள் டீச்சர் என்று ஆரம்பித்தார். கூடம் மொத்தமும் தலையாட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, ஒரு காலத்தில் மகளோடு படித்து ஓடிய ஒட்டடைக்குச்சி மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா முப்பத்தொரு வருஷம் அங்கே அறிவியல் டீச்சர். ஓட்டப் பயிற்சிக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. இருந்த பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போக, ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விசிலைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் இருபத்தெட்டு வருஷம் நீண்டது. கணவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. விடிந்ததும் விடியாததுமாக மகளைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவாள், சுண்ணாம்புக் கோடு போடுவாள், பெண்பிள்ளைகளை மூச்சிரைக்க ஓட விடுவாள், அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய் வெப்பமும் காந்தமும் நடத்துவாள். யார் வீட்டில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகளுக்கு அவள் பையிலிருந்து வேகவைத்த முட்டை போகும். கேட்டால் பள்ளிக்கூடம் கொடுப்பது என்று கூசாமல் புளுகுவாள். பள்ளி வாசலுக்குள் மகளும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்து விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் அம்மா. மகளின் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, இன்றைக்கு ரொம்பத் திட்டிவிட்டேனா என்று கேட்பாள்.

மகளுக்குப் பதினாலு வயதில் நடந்தது இது. வெளிப் பள்ளிகளோடு நூறு மீட்டர் போட்டிக்கு ஒரே ஒருத்தியை அனுப்ப வேண்டும். மகளும் ஒட்டடைக்குச்சியும் மிஞ்சினார்கள். நெட்டையாக, ஒல்லியாக இருந்தவளுக்கு அந்தப் பேரைச் சூட்டிய புண்ணியவதியும் மகள்தான். மைதானத்தில் கட்டட வேலைக்குச் செங்கல் அடுக்கிப் பாதியை வளைத்திருந்தார்கள். ஒருத்தி ஓடத்தான் இடம். எனவே தனித்தனியாக ஓடி, வந்த நேரத்தை வைத்து முடிவு. அம்மா தொடக்கக் கோட்டில் நின்று விசிலை ஊதிக்கொண்டே கொடியை இறக்குவாள். அந்தக் கோடியில் ஒரு பெண் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பாள். கொடியைப் பார்த்து அமுக்குங்கள், சத்தத்தைக் கேட்டு அமுக்காதீர்கள் என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொள்வாள். நூறு மீட்டர் தாண்டிச் சத்தம் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். காதை நம்பினால் வாட்ச் தாமதமாகக் கிளம்பும். ஓடுகிறவளுக்கு நொடியில் பத்தில் மூன்று பங்கு இனாம்.

ஒட்டடைக்குச்சி ஓடியபோது வாட்ச்சைப் பிடித்தது மகள். கொடியைப் பார்த்துச் சுத்தமாக அமுக்கினாள். தன் முறை வந்ததும், சுற்றி அத்தனை பேர் நிற்க, தேடிப்போய் ஒரு தோழியிடம் வாட்ச்சைக் கொடுத்தாள். அந்தத் தோழிக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி போடக் கூச்சப்பட்டுக்கொண்டு விசிலைக் கேட்டுத்தான் அமுக்குவாள் என்பது மகள் ஒருத்திக்கே தெரிந்த ரகசியம். நொடியில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் மகள் ஜெயித்தாள். போட்டிக்குப் போய் ஐந்தாவதாக வந்தாள், அந்த லட்சணத்தில்! ஒட்டடைக்குச்சி அந்த மாதமே ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டாள்.

இருபத்தாறு வருஷம் நெஞ்சில் கிடந்து உறுத்தியதை மகள் நினைவுக் கூட்ட மேடையில் கொட்டிவிட்டாள். எழுதிவந்த தாளை மடித்துவிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள்.

"எங்கம்மா நேர்மையானவங்கதான். நான்தான் அவங்களை ஏமாத்தினேன். கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது."

முதலில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். காறித் துப்புவார்கள் என்று பயந்தவளுக்குக் கைதட்டல்! உடம்பு கூசியது. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் இதமாகவும் இருந்தது. அதை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ முறை வெட்கப்பட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ஒட்டடைக்குச்சியைத் தாழ்வாரத்தில் மடக்கி மன்னிப்புக் கேட்டாள். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த உயரமான பெண்மணி, கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"டீச்சருக்குத் தெரியும்" என்றாள்.

மகள் ஓடிய அன்று சாயங்காலமே அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. தோழியைக் கூப்பிட்டு விசாரிக்க, அவள் எல்லாவற்றையும் உளறிக் கொட்டியிருக்கிறாள். மறுநாள் அம்மா ஒட்டடைக்குச்சியின் வீட்டுக்கே போனாளாம்.

"பேரை அனுப்ப ரெண்டு நாள் இருக்கு, அதுக்குள்ள அவளே வந்து சொல்லிடுவா, உன் பேரை எழுதிடறேன்னாங்க. நானா கேட்டா அது அவ சொன்னதா ஆகாது, நீயும் கேக்காதேன்னாங்க."

"அப்புறம்?"

"நீ சொல்லல. டீச்சர் மறுபடி வந்தாங்க. அவ பேரையே அனுப்பிட்டேன், எல்லார் முன்னாடியும் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரலன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. எனக்கு அப்ப கோபம்தான் வந்துச்சு. பொய் சொல்வானேன்."

அம்மா ஆயுளுக்கும் செய்த ஒரே ஓரவஞ்சனை அதுதான்; செய்ய வைத்தவள் மகள். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுவிழா, எத்தனை சால்வை, பாரபட்சமே இல்லாதவர் என்று எத்தனை வாய்கள் புகழ்ந்தன! ஒவ்வொரு தடவையும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று ஊர் நினைத்தது, மகளும் நினைத்தாள்.

"போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன்ல" என்று ஒட்டடைக்குச்சி குரலைத் தாழ்த்தினாள். "அப்பவும் கேட்டாங்க. உங்கிட்டயாவது சொன்னாளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன். ஆமான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல."

அதற்குள் தலைமையாசிரியை வேகவேகமாக வந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மாவின் நேர்மை அப்படியே உங்களிடம் இருக்கிறது, இதைக் கேட்க அவர் இருந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார் என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க மேடம்" என்றாள் ஒட்டடைக்குச்சி. "ரொம்பப் பெருமைப்பட்டிருப்பாங்க."