தட்டிவானில் நிழல் எந்தப் பக்கம்?

காலை 8.50, மாங்குளம் சந்தி. இங்கே நான் எழுதும் நேரமெல்லாம் பழைய நேரம். அந்த ஆண்டு, 1996இன் நடுவில், கொழும்பு தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. பிறகு மனம் மாறி அரை மணித்தியாலத்தைப் பின்னே இழுத்துக்கொண்டது. அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னியில் நாங்கள் இரண்டுக்கும் அசையவில்லை. அதனால் வவுனியாவில் ஒன்பதரை என்றால் மாங்குளத்தில் ஒன்பதுதான்.

மார்கழி முதற்கிழமை, அதாவது டிசம்பரின் முதல் வாரம். ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியர் இடம் ஒன்று இருந்தது. அதற்காக அன்று ஒரு மணிக்கு நான் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். தலைப்பைக் கடிதத்திலேயே தந்திருந்தார்கள்: மார்கழியில் பகல் ஏன் குறுகுகிறது?

எங்கள் வீட்டில் உயர்தரம்வரை படித்த முதல் ஆள் நான். கடிதம் வந்த அன்றே அப்பா நாங்கள் இருந்த குடியேற்றத் திட்டக் கிராமம் முழுவதும் சொல்லிவிட்டார். வாய்க்காலில் குளிக்கப் போனாலும் 'சேர்' என்று கூப்பிட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் என் பெரிய கவலை.

பாடத்துக்கு ஒரு படம் கீறியிருந்தேன். வர்ணம் வாங்க வழியில்லாதபடியால் சூரியனுக்கு அம்மாவின் மஞ்சள்தூள், பூமிக்கு உடுப்புக்குப் போடும் நீலம். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் சூரியன் நடுவில் இருந்தது. பூமி நீள்வட்டத்தில் சுற்றியது. மார்கழிப் பூமியைச் சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாமோ அவ்வளவு தூரத்தில், தாளின் கரையில் வைத்திருந்தேன்.

9.20. ஒட்டுசுட்டான் நேர் கிழக்கே பதினைந்து மைல். கட்டணம் முப்பது ரூபாய். தட்டிவானைப் பார்க்காதவர்களுக்காக: பழைய மரவண்டி, குறுக்கே ஆட்கள் இருக்கப் பலகை வாங்குகள், இரண்டு பக்கமும் திறந்த வெளி, பின்னால் சாமான் ஏற்றச் சங்கிலியில் தொங்கும் தட்டி. போர்த் தடையால் பெற்றோல் இல்லாத காலம். சாரதி இராசண்ணை மருந்துப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் ஊற்றி எஞ்சினை எழுப்புவார். எழும்பிய பிறகு அது மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டே ஓடும்.

நான் முதலில் ஏறி இடப்பக்கக் கரையில் இருந்தேன். பின்னால் ஒரு பெண் வெற்றிலைக் கட்டோடு ஏறினார். இராசண்ணை "திரேசக்கா" என்று கூப்பிட்டார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். நாள்தோறும் விடிய மீனோடு மாங்குளம் வந்து, விற்றுவிட்டு வெற்றிலையோடு திரும்புகிறவர்.

"தம்பி, அங்காலை போய் இருங்கோ. வெத்திலை வாடிப்போம்" என்றார்.

நாங்கள் கிழக்கே போகிறோம், காலைச் சூரியன் நேர் முன்னால் நிற்கும், எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று கணக்குப் போட்டு வலப்பக்கம் மாறினேன். முதல் மைல்கல் தாண்டுவதற்குள் கணக்குப் பிழைத்துவிட்டது. வெயில் வலப்பக்கத்தால் உள்ளே வந்து என் மடியில் ஏறி இருந்தது. படத்தை விரித்து முகத்துக்குப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன படம் தம்பி?" என்று இராசண்ணை கேட்டார். சொன்னேன்.

"இதுக்கொரு படமோ? கொழும்பிலை நேரத்தை அங்கையும் இஞ்சையும் இழுத்து விளையாடினவங்கள். அதிலை அறுந்த அரை மணித்தியாலம்தான் இது."

"நாங்கள் நேரம் மாத்தேல்லையே அண்ணை."

"நாங்கள் மாத்தேல்லை. சூரியன் எல்லாருக்கும் ஒண்டுதானே. அது ஆரின்ரை மணிக்கூட்டைப் பாக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?"

மண்வெட்டியோடு இருந்த கமக்காரர் ஒருவர் தலையாட்டி மறுத்தார். "அது முகிலாலை. மாரி முகில் பகலின்ரை ரண்டு நுனியையும் நனைச்சுப்போடும். நனைஞ்ச துணி சுருங்காதோ?"

"இண்டைக்கு முகிலே இல்லையே ஐயா."

"நேற்று நனைஞ்சது இண்டைக்குத்தான் சுருங்கும்."

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கூரை விட்ட அளவுக்கு எழுந்து நின்று பாடத்தைத் தொடங்கினேன். மார்கழியில் பூமி சூரியனை விட்டுத் தூரப் போகிறது, அதனால் பகல் குறைகிறது, பனி விழுவதும் அதனால்தான் என்று விரலால் சுட்டிக் காட்டினேன். கமக்காரர், "படிச்ச பிள்ளை, சரியாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு வேலை கிடைத்தது போலவே இருந்தது.

திரேசக்கா வெற்றிலையில் இருந்து கண் எடுக்காமல் கேட்டார். "குப்பி விளக்கைத் தூர வைச்சா வெளிச்சம் மங்கும். எண்ணெய் கெதியா முடியுமோ?"

"அக்கா, இது விளக்கில்லை."

"ஓம், மஞ்சள் எண்டு தெரியுது. கன்னத்திலை ஒட்டிக் கிடக்கு."

தொட்டுப் பார்த்தேன். கன்னத்தில் மட்டுமல்ல, வியர்வையில் கரைந்த சூரியன் என் ஒரேயொரு வெள்ளைச் சட்டையின் வலது தோளிலும் உதித்திருந்தது.

10.40. ஒன்பதாவது மைலில் எஞ்சின் நின்றது. இரண்டு பக்கமும் காடு, தெருவில் காயாத யானை இலத்தி. இராசண்ணை எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு விளக்குக் கேள்வி மனதில் குத்திக்கொண்டே இருந்தது. திரேசக்காவிடம் போய், வெயில் இந்தப் பக்கம் வரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மார்கழியிலை மீன்பெட்டி வலப்பக்கம், வரேக்கை வெத்திலை இடப்பக்கம். ஆனி ஆடியிலை மறுவளம். ஒருக்கால் பக்கம் மாறி வைச்சு ஒரு பெட்டி சூடை மீன் நாறிப்போச்சு. அதுக்குப் பிறகு மறக்கேல்லை."

"ஏன் மாறுது?"

"ஆனியிலை வெயில் வடக்காலை வரும். இப்ப தெக்காலை சரிஞ்சு, குறுக்கு வழியாலை போகுது. குறுக்காலை போறவன் கெதியா வீட்டை போயிடுவான்தானே?"

பையில் இருந்த என் உயர்தரக் குறிப்புக் கொப்பியைத் திறந்தேன். சிவப்பு மையால் இரண்டு தரம் கோடு போட்ட வரி அங்கே இருந்தது: 'பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது சனவரி முற்பகுதியில்.' அதை மனப்பாடமாக எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். எடுத்த பிறகுதான் இந்தப் படத்தைக் கீறியிருக்கிறேன்.

பாடத்துக்கு இரண்டே கால் மணித்தியாலம் இருந்தது. படத்தைத் திரேசக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வெற்றிலைக் கட்டின் மேலே விரித்தார். என் சூரியன் அன்று செய்த உருப்படியான வேலை நிழல் கொடுத்தது ஒன்றுதான்.

பிற்பகல் 1.00. கிடுகுக் கொட்டகை, முப்பது பிள்ளைகள். பின்னால் ஒரு கதிரையில் கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி. என் தோளைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். படம் இல்லாமல் நின்ற எனக்கு என்னையே காட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"பிள்ளையள், சட்டையைப் பாருங்கோ. வலப்பக்கம் நனைஞ்சிருக்கு, இடப்பக்கம் காய்ஞ்சிருக்கு. நான் மாங்குளத்திலை இருந்து வந்தனான். அப்ப வெயில் எந்தப் பக்கம்?"

"தெற்கு!" என்று கொட்டகையே சொன்னது.

வேலியோரம் கிடந்த சைக்கிள் றிம்மை எடுத்து மேசைக் கரையோடு பிடித்தேன். மேசைதான் நிலம், றிம் சூரியன் போகும் பாதை. பாதி மேலே, பாதி கீழே பிடித்தால் பகலும் இரவும் சமம். தெற்கே தள்ளிக் கொஞ்சம் தாழ்த்தினால் மேலே தெரியும் வளைவு குறையும். அதுதான் மார்கழிப் பகல். பூமி சரிந்தபடி சுற்றுகிறது. மார்கழியில் நாங்கள் இருக்கும் வடபாதி சூரியனுக்கு அப்பால் சாய்ந்து நிற்கிறது, அதனால்தான் பாதை தெற்கே இறங்குகிறது என்றேன். எங்கள் ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவில்தான் வித்தியாசம் என்றும் சொன்னேன்.

அதிகாரி எழுந்தார். "எல்லாம் சரி. மார்கழியிலை பூமி தூரப் போறதைச் சொல்லேல்லையே?"

அப்பா நினைவுக்கு வந்தார், வாய்க்கால் நினைவுக்கு வந்தது. ஓம் என்று சொன்னால் போதும். காலை பத்தே முக்கால்வரை நானும் ஓம் என்றுதான் இருந்தேன்.

"இல்லை சேர்" என்றேன். "கிட்டத்தான் வருது."

அவர் திரும்பவும் கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். 'தகுதியில்லை' என்று எழுத அவ்வளவு நேரம் எடுக்காதே என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

4.00. அதே தட்டிவான், இப்போது மேற்கே. நான் வலப்பக்கம் ஏறினேன். சற்று நேரத்தில் அதிகாரியும் வந்தார். என்னைக் கண்டார். என் பக்கத்தில் இடம் இருந்தும் இடப்பக்கக் கரையில் போய் இருந்தார்.

இரண்டாம் மைலில் காகிதக் கோவையை எடுத்து நெற்றிக்குப் பிடித்தார். நான்காம் மைலில் காதுக்குப் பிடித்தார். இராசண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் காட்டைப் பார்த்தேன். ஆறாம் மைலில் நெல்மூட்டை ஏற்ற வண்டி நின்றது. அதிகாரி எழுந்து, கால்சட்டையைத் தட்டி, என் பக்கத்தில் வந்து இருந்தார். ஒரு மைல் போனது.

"ஆனியிலை மற்றப் பக்கமோ?"

"ஓம் சேர்."

இன்னொரு மைல்.

"திங்கட்கிழமை ஏழரைக்கு வாரும்."

சந்தோஷத்தில் எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. "பழைய நேரமோ சேர், புது நேரமோ?"

"விடிஞ்சாப் பிறகு வாரும்" என்றார்.

5.50க்கு மாங்குளத்தில் இறங்கும்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது, மேற்கில் நன்றாகத் தெற்கே தள்ளி. என் வயதுக்கு இருபத்திரண்டு மார்கழியிலும் பொழுது அதே இடத்தில் பட்டிருக்கும்; அன்றுதான் பார்த்தேன். வீட்டில் அம்மா சட்டையை மூன்று தரம் தோய்த்தார். தோளில் இருந்த மஞ்சள் போகவில்லை. வேறு வெள்ளைச் சட்டை இல்லை. திங்கள் விடிய வண்டி இல்லாதபடியால் ஞாயிறு பின்னேரம் அதையே போட்டுக்கொண்டு, தட்டிவானின் இடப்பக்கத்தில் இருந்து, வேலைக்குப் போனேன்.