காணாமற்போன மாட்டுக்காகக் கேட்ட துஆ

மாட்டுத் திருட்டு என்று சொல்லி என் கணவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அதுவும் எங்கள் சொந்த மாட்டைத் திருடினாராம்! அன்பான சகோதரிகளே, நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது எண்பதுகளின் தொடக்கம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் அறுத்துக் குர்பான் கொடுக்கவென்று, சவளக்கடைப் பக்கம் எங்கள் பட்டியில் நின்ற சிவலை மாட்டைச் எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு ஓட்டிவந்தார். அந்தக் கிழமை அங்கே ஒரு விவசாயியின் சிவலை மாடும் காணாமற்போயிருந்தது. வழியில் பொலிசார் மறித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே. வீடும் மாடும் பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். அந்த மாட்டின் தொடையில் சுட்டிருந்தது மௌத்தாகி மண்ணுக்குள் போன என் உம்மாவின் குறி. பெண்சாதியின் மாடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொன்னாரா? நடுத்தெருவில் அப்படிச் சொல்ல ஆம்பிளைக்கு வெட்கமாம். "என்ட மாடு, என்ட குறி" என்றிருக்கிறார். தழும்பு மங்கியிருந்தாலும் அது அவர் பெயரின் எழுத்து இல்லை என்று யாருக்கும் தெரியும். மாட்டைத் தொலைத்தவரும் வந்து பார்த்துத் தன் மாடு போலத்தான் இருக்கிறது என்றாராம். நேரே கூண்டுக்குள் போனார்.

நான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றார்கள். கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவருக்கே அலுத்துவிட்டது.

"முதல்ல தன்ட குறி எண்டுட்டார். இப்ப மாமிட குறி எண்டா எந்த நீதவான் நம்புவார்? குற்றம் நிரூபிச்சா வருசக்கணக்கில மறியல்ல கிடக்கணும், தங்கச்சி."

பிணையும் கிடைக்கவில்லை. விளக்கமறியலில் பார்க்கப் போனால், "மாமிய ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?" என்று என்னிடமே கோபிக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். என் பிள்ளைகளைத் திருடனின் பிள்ளைகள் என்று ஊர் சொல்லுமே!

மறுநாள் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், இந்த மனிசன்ட வாயத் திறக்க என்னால ஏலா. காணாமப்போன அந்த மாட்டக் கொண்டுவந்து தா."

எனக்கு மூத்தவள், என் ராத்தா, கேட்டுக்கொண்டு நின்றாள். "என்ன புள்ள, மச்சானுக்குக் கேக்காம ஊரான் மாட்டுக்கா துஆக் கேக்கிறாய்?"

"ஓம். மாடாவது சொல்லுக் கேக்கும்" என்றேன். எல்லா வக்துத் தொழுகையிலும் அதையே கேட்டேன்.

வழக்குக்கு முதல்நாள் காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். மாட்டைத் தொலைத்த அந்த விவசாயிதான்.

"தங்கச்சி, என்ட மாடு வந்திட்டு. அறுத்த வயலெல்லாம் மேஞ்சிட்டுத் தானா வந்து படலையில நிக்கிது. பொலிசில சொல்லிட்டுத்தான் வாறன். உங்கட மனிசனுக்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."

அப்படியே நெற்றி நிலத்தில் படச் சுஜூதில் விழுந்தேன். சொன்னபடி அவர் நீதிமன்றத்துக்கும் வந்தார். வழக்குத் தள்ளுபடியானது. மாட்டையும் திருப்பித் தந்தார்கள்.

பெருநாளன்று குர்பான் இறைச்சி பங்கிடும்போது யாரோ, "இது யாருட மாடு?" என்று கேட்டார்கள். நான் அவர் வாயைப் பார்த்தேன்.

"பொண்டாட்டிட மாடு. மாமிட குறி" என்றார் என் கணவர், தெருவுக்கே கேட்கும்படி.

அல்ஹம்துலில்லாஹ். சகோதரிகளே, மனிதரோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனால் அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். நான் மாட்டை மட்டும்தான் கேட்டேன்.