தேய்க்காதீர்கள் என்று நானே எழுதியிருந்தேன்

எழும்ப முடியாத நோயாளிகளின் முதுகை ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, பவுடர் போட்டுவிடுவது எங்கள் வார்டில் காலை வேலை. படுக்கைப் புண் வராமலிருக்கத் தாதிமாரான எங்களுக்கு அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள். யுத்தக் காலத்தில் பேராதனையில் ஒரு வகுப்புக்குப் போனபோதுதான், அது பிழை என்று ஆய்வுகள் சொல்வதை அறிந்தேன். சிவந்த தோலைத் தேய்த்தால் உள்ளே இன்னும் நசியும். ஆளை அடிக்கடி புரட்டிவிடுவதுதான் முக்கியம். அதைச் சிங்களத்தில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டினேன்.

“சரி, ஒரு கட்டிலில் செய்து பாருங்கள்” என்றார் வார்டுக்குப் பொறுப்பான சிங்களச் சிஸ்டர். “ஆனால் தேய்க்கவில்லை என்று தினமும் எழுதி, நீங்களே கையெழுத்துப் போடவேண்டும்.”

அவர் காட்டிய கட்டிலில், முள்ளந்தண்டில் துவக்குச் சன்னம் பாய்ந்த ஒரு சிங்களச் சிப்பாய் கிடந்தான். உயர்தரம் படிக்கும் என் மகளைவிட இரண்டு வயதுதான் கூட. அவனுடைய தாய் பக்கத்துக் கதிரையை விட்டு அசையமாட்டாள்.

மூன்று நாள் கையெழுத்திட்டேன். சிப்பாயின் தாளில், ‘தேய்க்கவில்லை’ என்பதற்குக் கீழே என் தமிழ்ப் பெயர். வேண்டுமென்றே விட்டாள் என்று சொல்ல அது போதும். சோதனைச் சாவடிகளைத் தாண்டி மகள் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காத நாட்கள் அவை.

நாலாம் நாள் காலை, மலையகத்துத் தெல்தோட்டையிலிருந்து வேலைக்கு வரும் உதவியாளர் அக்காவும் நானும் அவனைப் புரட்டினோம். இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தது.

“ராத்திரி ஆளு இல்ல மிஸி, ஒரு தடவதான் பொரட்டுனாங்களாம்” என்று அக்கா முணுமுணுத்தார். “பேசாம தேய்ச்சு விட்டுருங்க. புண்ணாச்சுன்னா ஒங்க ஆராய்ச்சியா வந்து பதில் சொல்லும்? ஒங்க தலதான் உருளும்.”

தாய் எழுந்து வந்தாள். “எல்லாருக்கும் தேய்க்கிறீர்கள். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று சிங்களத்தில் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மிஸ் தமிழா?” என்றாள்.

நான் ஸ்பிரிட் போத்தலை எடுத்தேன். சிவப்பின் மேலேயே உள்ளங்கையை வைத்து, அவள் பார்க்கும்படி அழுத்தித் தேய்த்தேன். அவனுக்கு அங்கே உணர்வில்லை. வலிக்கிறது என்று சொல்லி என்னை நிறுத்த அவனால் முடியாது. “புண்ணியம் கிடைக்கும்” என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைய தாளில் ‘தேய்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு நாளில் தோல் உரிந்து புண்ணானது.

“பார்த்தீர்களா, தேய்த்தும் வந்துவிட்டது” என்றார் சிஸ்டர். “தேய்க்காமலே விட்டிருந்தால்?”

தேய்த்திராவிட்டால் புண் வந்திராது என்று என்னாலும் அறுதியாகச் சொல்ல முடியாது. தேய்த்தது பிழை என்று மட்டும் தெரியும். அதைச் சொன்னால், தெரிந்துகொண்டே ஏன் செய்தீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து, சிஸ்டர் சொல்வது சரி என்றேன். அவர் சுவரிலிருந்த தாளைக் கிழித்தெடுத்தார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கே கிடந்தவரின் முதுகைத் தேய்க்கத் தொடங்கினேன்.